வளவுக்குள் ஒரு கிணறு இருக்கிறது

ஆடி பிறந்து நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கும்போது யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஒரு வேலை மும்முரமாக நடக்கும். கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்கள் வரப்போகிறார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறக்கவேண்டும். திறப்பு வைத்திருக்கும் அயலவர் கதவைத் தள்ளுகிறார். நிலையின் அடியிலிருந்து விரல் தடிப்பில் ஒரு மண்கோடு மேலே போகிறது. குசினி அலுமாரிக்குள் கரப்பொத்தான் புழுக்கை. சீலிங்குக்கு மேலே எதுவோ ஓடுகிறது. உடனே வெளிநாட்டுக்கு அழைப்பு. "மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடுங்கோ, காசைப் பற்றி யோசிக்காதேங்கோ" என்று பதில் வருகிறது.

ஆளும் வருகிறார். சுவரோரமாகத் துளைபோட்டு மருந்தை இறக்குகிறார். அவர் நிற்கும் இடத்திலிருந்து எட்டிப்பார்க்கிற தூரத்தில் அந்த வீட்டுக் கிணறு இருக்கும். யாழ்ப்பாணத்து வீட்டுப் பூச்சிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பூச்சியிலிருந்து தொடங்குகிறார்கள். இந்தக் கிணற்றிலிருந்து தொடங்குவதுதான் முறை என்பது என் எண்ணம்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஆறு. குடிக்கிறதும் குளிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் நிலத்தடி நீர். அந்த நீர் இருப்பது வெடிப்பும் குகையுமாகக் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லுக்குள். கீழே கடல்நீர், அதன்மேல் மிதக்கிற மாதிரி மழைநீர். நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். களிமண் நிலத்தில் ஊற்றியது மண்ணோடு ஒட்டிக்கொண்டு மெல்ல அழியலாம். இங்கே மேல்மண் மெல்லியது, கல்லோ வடிகட்டாது. தோட்டத்துக்குப் போட்ட யூரியா கிணறுகளில் நைத்திரேற்றாக எழுவதை ஆய்வாளர்கள் பல தசாப்தங்களாக அளந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய தோட்டக் கிணறுகள் வலிகாமத்தில் புதினமல்ல. 2014, 2015இல் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் வெடித்தபோது ஊர் முழுக்க அதே பாடத்தைக் கற்றது. கறையானுக்கு ஊற்றும் மருந்து மட்டும் நிலத்துக்குள் நல்லபிள்ளையாக அப்படியே நிற்கும் என்று நினைக்க என்ன நியாயம் இருக்கிறது?

கறையான் இந்த ஊருக்குப் புதிதல்ல. பழைய வீடு அதை ஒழிக்க முயன்றதில்லை, அதோடு ஒரு கணக்கு வைத்திருந்தது. கூரைக்கு வளையும் சிலாகையும் முதிர்ந்த பனையில் அரிந்தார்கள். மற்ற மரங்களுக்கு வயிரம் நடுவில்; பனைக்கு வெளிப்புறத்தில். நடுவில் இருப்பது சோற்றி, கறையானுக்குச் சாப்பாடு. சோற்றியை நீக்கிவிட்டு, கறுத்த வயிரத்தை மட்டும் எடுத்தால் அதில் கறையான் பல் படாது. இளம்பனையை அவசரத்துக்குத் தறித்து வேலைக்குப் போட்டவன் இரண்டு மாரிக்குள் அதற்கான தண்டனையைப் பெற்றான். கதவுக்கும் நிலைக்கும் வன்னியிலிருந்து வந்த முதிரை, பாலை. வசதி குறைந்தால் வளவில் நின்ற வேம்பு.

வேலி இன்னும் சுவாரசியமானது. கிடுகாலும் பனையோலையாலும் அடைத்த வேலி கறையானுக்கு விரித்த இலை. அதைத் தெரிந்துகொண்டேதான் அடைத்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை வேலியைப் பிரித்து, உக்கினதையும் அரித்ததையும் தோட்டத்துக்குப் பசளையாகத் தாட்டுவிட்டுப் புதிய ஓலை கட்டினார்கள். கறையான் தின்றது பாதி, மண் தின்றது பாதி. வருடாவருடம் பிரித்துக் கட்டுகிற பொருளில் எந்தப் பூச்சியும் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது என்பதுதான் இதன் சூட்சுமம். வீட்டோடு வேலி தொடாமல் விட்ட இடைவெளியும், கறையான் மறைவின்றிக் கடக்க அஞ்சும் வெறும் முற்றமும் அதே கணக்கில் சேர்ந்தவை. கறையானுக்கு வெளிச்சமும் காய்ந்த காற்றும் ஆகாது. அதனால்தான் அது மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு வருகிறது. தினமும் பெருக்கிய முற்றத்தில் அந்தக் குழாய் ஒருநாள்கூட நிலைக்காது.

குசினியின் புகை இன்னொரு காவல். அடுப்புப் புகை ஓலைக்கூரையில் ஏறிக் கருமை படிந்த இடத்தில் வண்டும் புழுவும் குறைவு. நெல்லும் ஒடியலும் நிலத்தில் வைக்கப்படவில்லை. கோர்க்காலியில் ஏற்றப்பட்டன, கொம்பறையில் கொட்டப்பட்டன. பாலும் தயிரும் உறியில் தொங்கின. வேப்பிலையும் நொச்சியும் தானியத்துக்குள் போயின. இதையெல்லாம் அந்தக் காலத்துப் பொற்காலமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. விறகுக் குவியலுக்குள் நட்டுவக்காலி இருந்தது, புகையில் பெண்களின் கண்ணும் நெஞ்சும் கெட்டன, சாணம் மெழுகியதும் முற்றம் கூட்டியதும் பொழுது விடியமுன் எழும்பிய ஒருத்தியின் முதுகில்தான் ஏறியது. 2022இல் காஸ் சிலிண்டர் தட்டுப்பாட்டில் விறகடுப்புத் திரும்பியபோது, புகை வந்தால் நுளம்பு குறையும் என்று மகிழ்ந்தவர் எவரையும் நான் காணவில்லை. ஆனால் அந்த வீடு ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தது: பூச்சி வருவது ஈரத்துக்கும் இருட்டுக்கும் அசையாத பொருளுக்கும்.

ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை யாழ்ப்பாணம் யாரும் கேட்காத ஒரு பரிசோதனையாகப் பார்த்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்கிவர, வலிகாமமே எழும்பி நடந்தது. திரும்பியவர்களில் பெரும்பாலானோர் அடுத்த ஏப்ரலுக்குப் பிறகுதான் வந்தார்கள். இடையில் ஆறு மாதம், அதற்குள் ஒரு முழு மாரி. ஷெல்லும் களவும் தப்பவிட்ட வீடுகளில்கூடக் கறையான் ஏறியிருந்தது. அலுமாரியின் அடித்தட்டில் வைத்த காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் மண்ணாகப் போன வீடுகள் எத்தனை. அதைவிட நீண்டது வலிகாமம் வடக்கின் கதை. 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்கு 2017 ஜூலையில்தான் துறைமுகமும் 54 ஏக்கர் நிலமும் இராணுவப் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டன. இருபத்தேழு ஆண்டுகள். போய்ப் பார்த்தவர்கள் வீட்டைத் தேடவில்லை, பற்றைக்குள் கிணற்றுக்கட்டைத் தேடினார்கள். கிணறு கிடைத்தால் வீடு நின்ற திசை தெரியும்.

இன்றைக்கு அதே பரிசோதனை வேறு காரணத்தால் நடக்கிறது. பூட்டிய வீடுகள் இப்போது வெளிநாட்டுக் காசில் கட்டிய கொங்கிறீட் வீடுகள். சீமெந்து வீட்டில் கறையான் வராது என்ற நம்பிக்கையோடு கட்டப்பட்டவை. சீமெந்தைக் கறையான் தின்பதில்லை. ஆனால் நிலத்தின் வெடிப்பும் குழாய் நுழைகிற துளையும் அதற்குப் போதும். போய்ச் சேரும் இடத்தில் முதிரையோ பனையோ இல்லை, ஒட்டுப்பலகையில் செய்த குசினி அலுமாரி. மரத்தூளைப் பசையால் ஒட்டிப் பளபளப்பாகத் தாள் போர்த்த பொருளைவிடக் கறையானுக்கு இதமான விருந்து உண்டா? போதாக்குறைக்கு வேலி மதிலாகிவிட்டது. மதிலோரம் பூச்சாடியும் ஈரமும், அதோடு சாத்திவைத்த மிஞ்சிய சட்டப் பலகையும்.

மருந்தின் வரலாறு இந்த இடத்தில் தெரிந்திருக்கவேண்டியது. ஒரு காலத்தில் அத்திவாரத்துக்கு அல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன் ஊற்றினார்கள். பல பத்தாண்டுகள் மண்ணில் நிற்கும் என்பதுதான் அவற்றின் பெருமை. அந்தப் பெருமையே குற்றமாகி, 2001இன் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்கவேண்டிய முதல் பன்னிரண்டில் அவற்றைச் சேர்த்தது. அவற்றின் இடத்துக்கு வந்த குளோர்பைரிபொஸ் 2025இல் அதே பட்டியலில், சில விதிவிலக்குகளோடு, ஏறிவிட்டது. இப்போது புழங்குபவை பிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்றவை. இவற்றின் சீட்டில் கிணற்றருகே பாவிக்கவேண்டாம் என்று எழுதியிருக்கும். யாழ்ப்பாணத்து வளவு ஒன்றில் கிணற்றருகு அல்லாத இடம் எது? கழிவு ஒயிலை மரத்துக்குப் பூசுவதும் மண்ணெண்ணெயைப் புற்றுக்குள் ஊற்றுவதும் ஊர்வழக்கம். கண்ணுக்குத் தெரியும் நாலு கறையான் சாகும். இராணி நிலத்தின் கீழே பத்திரமாக இருப்பாள். எண்ணெய் தண்ணீருக்குப் போகும். மருந்துதான் வேண்டுமென்றால், வேலைக்காரக் கறையானே எடுத்துப்போய்க் கூட்டுக்கு ஊட்டுகிற இரை முறை உண்டு. மெதுவானது, செலவானது, ஆனால் சில கிராமோடு முடியும். மரத்துக்குப் போரோன் உப்புக் கரைசல் ஊட்டுவது இன்னொரு வழி. அதுவும் மரத்தோடு நிற்கும், மழையில் நனையாதவரை.

எலிக்கு வருவோம். இங்கே கதை உயிர்ச்சேதக் கதை.

2024 நவம்பர் கடைசியில் பெருமழையும் வெள்ளமும் வந்தன. டிசம்பரில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கத்தில் காரணம் தெரியாத காய்ச்சலில் ஆட்கள் இறக்கத் தொடங்கினார்கள். ஏழு மரணங்களுக்குப் பிறகு அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும் கிருமி மூத்திரத்தோடு வெளியேறி, வெள்ளத்தில் கலந்து, காலிலுள்ள சிறு காயத்தினூடாக மனிதனுக்குள் போகிறது. தடுப்புக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுத்தார்கள். இது பெரும்பாலும் வயலில் தொற்றுவது, வீட்டில் அல்ல. ஆனால் வயலும் வீடும் பிரிந்திருப்பது வரைபடத்தில்தான். வெள்ளம் வயலெலியின் வளையை நிரப்பும்போது அது மேடு தேடும். ஊரில் மேடு என்பது வீட்டின் அத்திவாரம். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். மாரியில் யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகள் காணும் இன்னொரு நோய் உண்ணிக்காய்ச்சல். பற்றைக்குள் எலிமேல் ஒட்டி வாழும் நுண்ணிய உண்ணியின் குஞ்சு கடித்த இடத்தில் கருகிய பொருக்கு ஒன்றை விட்டுவிட்டுப் போகும். அதைத் தேடிப் பார்க்கத் தெரிந்த வைத்தியர் நோயாளியைக் காப்பாற்றிவிடுவார்.

சுண்டெலிக்கு ஆறு மில்லிமீற்றர் இடைவெளி போதும், ஒரு பென்சில் நுழைகிற அளவு. பெரிய எலிக்கு அதன் இரட்டிப்பு. இருபத்தொரு நாள் கர்ப்பம், ஈற்றுக்கு ஆறேழு குட்டி. இந்த எண்களை ஒருமுறை மனதில் போட்டுப் பார்த்தால், துளையை அடைக்காமல் எலியைக் கொல்வது ஓட்டைவாளியில் தண்ணீர் இறைக்கிற வேலை என்பது தெரிந்துவிடும். ஏசி குழாய்க்கென்று மேசன் துளைத்து, பாதி பூசிவிட்டுப் போன ஓட்டையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்துச் சீமெந்து வைத்தால் நூறு ரூபாய்க்குள் வேலை முடியும். கதவுக்கடியில் தகரப் பட்டி. ஓட்டுக்கூரை விளிம்பில் சிறுகண் வலை. கூரையைத் தொடும் மாங்கொப்பை வெட்டுவது. இதில் எதையும் எவரும் விளம்பரம் செய்வதில்லை, விற்க ஒன்றுமில்லையே.

பொறி வைப்பதிலும் ஒரு பொறுமை வேண்டும். கறுப்பெலி புதுப்பொருளைக் கண்டால் ஒதுங்கும். மூன்று நாலு இரவு பொறியைப் பூட்டாமல், சுட்ட தேங்காய்ச் சொட்டையோ கருவாட்டுத் தலையையோ வைத்துத் தின்னவிட்டு, பிறகு பூட்டவேண்டும். எங்கள் அம்மம்மா இதை "மாமியார் வீட்டுப் பழக்கம்" என்பார். முதல் கிழமை உபசாரம், பிறகுதான் வேலை.

நஞ்சு வைப்பவர்கள் இரண்டு நஞ்சுகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் இரத்தம் ஒழுகிச் செத்ததை ஆராயப்போய்ப் பிறந்தது இந்த வகை. 1948இல் வார்பரின் எலிமருந்தாக வந்தது, மனிதருக்கு இதயமருந்தாகவும் ஆனது. எலி செத்துவிழ நாலைந்து நாள் ஆகும் என்பதால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் எழாது. ஆனால் அந்த நாலைந்து நாளில் தள்ளாடும் எலியைப் பூனையும் கூகையும் பிடிக்கும், நஞ்சு அங்கே போகும். சீலிங்குக்குள் சாகும் எலி தன்னைக் கொன்றவனுக்கு இரண்டு கிழமை தண்டனை கொடுக்கும். இந்த வகையைத் தவறி விழுங்கியவருக்கு வைத்தியசாலையில் விற்றமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம். மற்றது துத்தநாக பொஸ்பைட். வயிற்றில் பொஸ்பீன் வாயுவாக மாறும், மாற்று மருந்து கிடையாது. தானியக் களஞ்சியத்துக்கான அலுமினிய பொஸ்பைட் மாத்திரையை வீட்டு எலிக்கென்று அறைக்குள் வைப்பது எலிக்கு முன் பிள்ளைகளைக் கொல்லும்.

இந்த நாட்டில் வீட்டு மூலையில் நஞ்சு வைத்திருப்பது வேறொரு பொருளும் கொண்டது. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவற்றில் பெரும்பங்கு பூச்சிமருந்து. மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ், எண்டோசல்பான், பராகுவாட் என்று மிகக் கொடியவை ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்ட பிறகு, இருபது ஆண்டுகளில் அந்த எண் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. மனிதரின் துயரம் குறைந்ததால் அல்ல. துயரத்தின் கைக்கெட்டிய தூரத்தில் இருந்த போத்தல் மாறியதால். 1980இன் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவாளர் அனுமதித்த பூச்சிமருந்துதான் விற்கலாம். சந்தையில் சீட்டில்லாத பையில் கட்டித் தரும் எலிமருந்து அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. வேண்டாம்.

எலிக்கு எதிரிகள் ஊரிலேயே உண்டு. சாரைப்பாம்பு, கீரி, பனைவட்டில் இருக்கும் கூகை. மூன்றையும் நாங்கள் துரத்துகிறோம், கூகையைச் சாவுக்குறி என்று கல்லெறிந்து. சிலந்திக்கும் அதே கதி. உள்ளங்கை அளவு புலிமுகச் சிலந்தியைக் கண்டால் செருப்பைத் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: வன்னியில், மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியில் காணப்பட்ட ஒரு புலிமுகச் சிலந்தி உலகுக்கே புதிய இனமென்று 2012இல் விவரிக்கப்பட்டது. போரால் கைவிடப்பட்ட கட்டடம் கறையானுக்கு மட்டும் வீடாகவில்லை.

நுளம்பின் கதை கிணற்றுக்கே திரும்பக் கொண்டுவருகிறது. இலங்கை மலேரியாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் சான்றளித்தது. அந்த ஆண்டு முடியுமுன் இந்தியாவின் நகர மலேரியா நுளம்பான அனோபிலிஸ் ஸ்டெபன்சி மன்னாரில் பிடிபட்டது. பின்னர் யாழ்ப்பாண நகரத்திலும். ஆபிரிக்காவில் 2012இல் ஜிபூட்டியில் கால்வைத்துப் பரவிக்கொண்டிருக்கும் அதே நுளம்பு. அது முட்டையிடுவது வயலிலோ காட்டிலோ அல்ல, கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரை மட்டுமே தேடும் என்ற பாடப்புத்தக நம்பிக்கையும் இங்கேதான் உடைந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் சுரேந்திரன் உள்ளிட்டோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, கரையோரத்தில் கைவிட்ட கிணறுகளின் உவர்நீரிலும் அதன் புழுக்கள் வளர்வதைக் காட்டியது. குழாய்நீர் வந்ததும் மறந்துபோன கிணறுகள், பூட்டிய வீட்டுக் கிணறுகள் இப்போது இந்தக் கணக்கில் சேர்கின்றன. வலை போட்டு மூடலாம், மீன் விடலாம். இரண்டும் மருந்தில்லாத வேலை.

மருந்தை மட்டும் நம்பிய காலத்தையும் இந்தத் தீவு பார்த்திருக்கிறது. வீடுவீடாக டி.டி.ரி. அடித்து 1963இல் மலேரியாவைப் 17 நோயாளிகளுக்குக் கொண்டுவந்தார்கள். தெளிப்பை நிறுத்தினார்கள். 1968, 69இல் அது லட்சக்கணக்கில் திரும்பியது. மீண்டும் அடித்தபோது நுளம்பு பழகியிருந்தது. 1977இலிருந்து மலத்தியனுக்கு மாறவேண்டி வந்தது. சுவரில் அடித்த மருந்தில் மூட்டைப்பூச்சியும் செத்ததால் முதலில் மக்கள் வரவேற்றார்கள், மூட்டைப்பூச்சி பழகியதும் கதவைச் சாத்தினார்கள். போர்னியோவின் சரவாக்கில் அதே மருந்து ஓலைக்கூரைப் புழுவின் எதிரிக் குளவிகளைக் கொன்றதால் புழு பெருகிக் கூரை உதிர்ந்தது. அதையொட்டி எலி பிடிக்கப் பூனைகளை விமானத்திலிருந்து இறக்கிய கதை ஊதிப் பெருத்தது, கூரை உதிர்ந்தது உண்மை. ஓலைக்கூரையின் ஊரில் இருந்து பார்த்தால் அந்தக் கூரைதான் பூனையைவிடப் பெரிய செய்தி.

கரப்பொத்தானுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் அதிகம் சொல்லத் தேவையில்லை. கரப்பொத்தான் கழிவுக்குழாய்வழி வருகிறது. குழாய்க்கு வலைமூடி, இரவில் காய்ந்த தொட்டி, அலுமாரி மடிப்பில் ஒரு துளி ஜெல் இரை. இரையைத் தின்ற கரப்பொத்தானின் எச்சத்தைத் தின்று மற்றதும் சாகும். ஸ்பிறே அடித்தால் பக்கத்து அறைக்கு ஓடும், அவ்வளவுதான். மூட்டைப்பூச்சி இப்போது சூட்கேசில் வருகிறது. 2023 இலையுதிர்காலத்தில் பாரிஸ் நகரமே அதைப் பற்றிப் பதறியதை அங்கே லா சப்பலில் தமிழ்க்கடை வைத்திருப்பவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஐம்பது பாகை வெப்பத்தில் அது முட்டையோடு சாகும். கறுப்புப் பொலித்தீனில் கட்டிய துணிமூட்டையை வைகாசி வெயிலில் சீமெந்து முற்றத்தில் போட்டால் அந்த வெப்பம் இலவசம். பிள்ளையார் எறும்பை விட்டுவிடுங்கள், அது கரப்பொத்தான் முட்டையைத் தின்னும். மாரி தொடங்கி ஈசல் எழும்பும் மாலையில் "லைற்றை நூருங்கோ" என்று அயலில் யாரோ கத்துவார். அரைமணி நேரத்தில் அது முடிந்துவிடும்.

மருந்தடிக்கிறவரைக் கூப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிலையெல்லாம் அரித்து முடிந்த வீட்டுக்கு அவர் வேண்டும். மருந்தின் பெயரையும் பதிவையும் காட்டச் சொல்லலாம், கிணற்றுப் பக்கச் சுவரைத் துளைக்கவேண்டாம் என்று மறிக்கலாம், கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுகிறார் என்று கூடவே நின்று பார்க்கலாம். தொலைபேசியில் காசு அனுப்புகிறவரால் இதில் ஒன்றையும் செய்யமுடியாது.

எங்கள் ஒழுங்கையில் பூட்டிய வீடு ஒன்றுக்கு ஒரு பெரியம்மா திறப்பு வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சாமியறையில் விளக்கேற்றப் போவார். போனதும் யன்னல்களைத் திறப்பார், குசினிக் குழாயைத் திறந்து பார்ப்பார், முற்றத்தைக் கூட்டுவார். நிலையில் மண்கோடு கண்டால் விளக்குமாற்றுக் காம்பால் ஒரு சாண் அளவுக்குத் தட்டி உடைப்பார். முழுவதையும் துடைக்கமாட்டார். ஏன் என்று கேட்டேன். "அடுத்த வெள்ளி வந்து பார்க்க வேணும் தம்பி. திருப்பிக் கட்டியிருந்தால் உள்ளுக்கை இருக்கு. கட்டாட்டி அது பழசு."

அதற்கு அவருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்றும் கேட்டேன். தீபத்துக்கு நல்லெண்ணெய் வாங்கக் கொடுப்பார்கள் என்றார்.